செங்காந்தளுக்கு வந்த சம்பந்தம்

ஒரு காட்டில், ஓடை வளைந்து திரும்புகிற கரையில், செங்காந்தள் கொடி ஒன்று புதராக மண்டியிருந்தது. கண்ணுகளா, அந்தப் பூவைப் பார்த்திருக்கிறீர்களா? தீ பற்றிக்கொண்டது போல, மஞ்சளும் சிவப்புமாக நிற்கும்!

அந்தப் புதர் முழுவதும் தன் சொத்து என்று சொல்லிக்கொண்டான் மினுக்கன் என்ற தேன்சிட்டு. கருநீலச் சிறகு வெயிலில் பளபளக்க ஒரு குச்சியில் உட்கார்ந்திருப்பான். யார் வந்தாலும் விரட்டுவான். தேனீ வந்தால் தேனீயை. வண்டு வந்தால் வண்டை.

அவன் மனைவி மஞ்சாயி, பக்கத்துக் காரைச்செடியில் தொங்கிய கூட்டில் அடைகாத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு கவலை. பூக்கள் பூக்கின்றன, வாடுகின்றன, உதிர்கின்றன. ஒரு காயைக்கூடக் காணோம்!

"ஏன் அக்கா, இவ்வளவு பூத்தும் ஒன்றுகூடக் காய்க்கவில்லையே?" என்று கூட்டுக்குள் இருந்தபடியே காந்தளிடம் கேட்டாள்.

"எப்படியம்மா காய்க்கும்? இந்தப் புதரில் இருக்கிற பூவெல்லாம் ஒரே கிழங்கில் பிறந்த பங்காளிகள். எங்களுக்குள் கொள்வினை கொடுப்பினை கிடையாது. என் மகரந்தத் தூள் எனக்கும் ஆகாது, பக்கத்துப் பூவுக்கும் ஆகாது. என் சூல்தண்டைப் பார், தூள் வந்து ஒட்டவேண்டிய இடம் அதுதான். என் தூளைத் தொடாமல் கழுத்தை மடக்கிக்கொண்டு, விருந்தாளி வருகிறாரா என்று வாசலைப் பார்த்தபடி நிற்கிறது. அக்கரைக் காந்தள் வேறு கிழங்கு. அங்கிருந்து தூள் வந்தால்தான் எனக்கு விதை."

"இந்த வருஷம் போனால் போகட்டும் அக்கா, அடுத்த வருஷம் வராதா?"

"அடுத்த வருஷமா? கீழே பார்."

மஞ்சாயி எட்டிப் பார்த்தாள். ஓடை கரையை அரித்து அரித்து, காந்தளின் கிழங்கு நுனி வெளியே தெரிந்தது!

"அடுத்த மழைக்கு நான் இருக்கமாட்டேன். அதற்குள் என் விதை கரைக்கு மேலே இருக்கிற அந்த மேட்டில் விழவேண்டும்" என்றது காந்தள்.

காந்தள் போனால் தன் குஞ்சுகள் எதைக் குடிக்கும்? மஞ்சாயி உடனே புருஷனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"அக்கரைத் தூளா? என் தோட்டத்துக்குள்ளா? நான் உயிரோடு இருக்கும்வரை ஒரு பொட்டுக்கூட நுழையாது!" என்று மார்பை நிமிர்த்தினான் மினுக்கன்.

அவன் பேசி வாய் மூடவில்லை, அக்கரையிலிருந்து சிமிட்டி என்ற பட்டாம்பூச்சி, சிறகெல்லாம் மஞ்சள் தூளோடு வந்தாள். விட்டானா மினுக்கன்? ஒரே பாய்ச்சல்! சிமிட்டி உருண்டு புரண்டு, தூளெல்லாம் காற்றில் கொட்ட, காரைச்செடிக்குள் ஒளிந்தாள்.

மஞ்சாயிக்குச் சட்டென்று ஒரு யோசனை. தன்னால் முட்டையை விட்டு அக்கரைக்குப் போக முடியாது. சிமிட்டியை மினுக்கன் உள்ளே விடமாட்டான். அப்படியானால், போய் வரக்கூடியவன் ஒருவன்தான்!

"சிமிட்டி, அவருக்கு ரோஷம் வருகிற மாதிரி ஏதாவது சொல்லிவிட்டு அக்கரைக்குப் பற. களைத்துப் போனால் அங்கேயே தேன் குடிப்பார்" என்று காதோடு காதாகச் சொன்னாள்.

சிமிட்டிக்குச் சொல்லவா வேண்டும்! வெளியே பறந்து வந்து, "மினுக்கண்ணே! அக்கரைத் தேனைக் குடித்த வாய்க்கு உங்கள் தேன் வெறும் தண்ணியாக இருக்குமாமே!" என்றாள்.

"என்ன சொன்னாய்?"

சிமிட்டி பறந்தாள். மினுக்கன் துரத்தினான். வளைந்தாள், வளைந்தான். மேலே போனாள், மேலே போனான். ஓடையைத் தாண்டி அக்கரையே வந்துவிட்டது! மினுக்கனுக்கு மூச்சு வாங்கியது. எதிரே ஒரு செங்காந்தள்.

கூட்டில் மஞ்சாயி இமை கொட்டவில்லை. "கடவுளே, அவரைக் குடிக்க வை!"

குடித்தான்! ஒரு பூ, இன்னொரு பூ. சிறகும் மார்பும் மஞ்சளோ மஞ்சள்!

ஆனால் அடுத்த நொடி மஞ்சாயிக்குத் திக்கென்றது. அழுக்கு ஒட்டினால் பொறுக்காத மினுக்கன், குளிப்பதற்காக ஓடைக் கல்லில் இறங்கினான். ஒரு முழுக்குப் போட்டால் போச்சு!

"என்னங்க! சீக்கிரம் வாங்க! அக்கரையிலிருந்து ஒருத்தன் நம் காந்தளுக்கு வருகிறான்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

குளியலாவது ஒன்றாவது! அம்பு போல வந்தான் மினுக்கன். "எங்கே? எங்கே அவன்?"

"உள்ளேதான் இருக்கிறான்! நன்றாகத் தேடுங்கள். ஒரு பூவையும் விடாதீர்கள்!"

மினுக்கன் ஒவ்வொரு பூவிலும் முட்டி மோதித் தேடினான். தேடத் தேட, அவன் சிறகு ஒவ்வொரு சூல்தண்டிலும் உரசியது. காந்தளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, கொடியே குலுங்கியது.

"ஓடிவிட்டான் போலிருக்கிறது. என்னைக் கண்டால் பயம் இருக்காதா?" என்றான் மினுக்கன்.

சில நாளில் கொடி முழுக்கப் பச்சைப் பச்சையாகக் காய்கள்!

"பார்த்தாயா மஞ்சாயி? எல்லாம் என் காவல்!"

"உங்கள் காவலா?" மஞ்சாயி சிரித்தாள். "அன்றைக்கு அக்கரையிலிருந்து மார்பெல்லாம் தூளோடு வந்தவன் நீங்கள்தான். அந்தத் தூள் அல்லவா இப்படிக் காய்த்திருக்கிறது!"

மினுக்கன் காய்களைப் பார்த்தான். கரையில் துருத்திய கிழங்கைப் பார்த்தான். மார்பைக் குனிந்து பார்த்துக்கொண்டான்.

காய்கள் முற்றி வெடித்தன. மேட்டில் சிவப்புச் சிவப்பாக விதைகள்! அடுத்த மழையில் கரை இடிந்து, பழைய கிழங்கு வெள்ளத்தோடு போனது. ஆனால் மேட்டில் இளங்கொடிகள் தலை நீட்டின. அவையும் வளர்ந்து பூத்த காலத்தில், சிமிட்டி தயங்கித் தயங்கி வந்தாள்.

"விரட்டமாட்டீர்களே, அண்ணே?"

குச்சியில் உட்கார்ந்திருந்த மினுக்கன் ஒதுங்கி இடம் விட்டான். "அக்கரையிலிருந்துதானே வருகிறாய்? சிறகை உதறிவிடாதே தாயே, அப்படியே உள்ளே போ!"

நீதி: தனக்கு மட்டும் என்று வாசலை அடைப்பவன், தன்னைத் தேடி வரும் நன்மையையும் சேர்த்தே விரட்டுகிறான்.