ஏழு தலைமுறைக் கொம்பு

மானும் காக்கையும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், வடக்கே ஸ்காட்லாந்து மலைகளில் ஓரன் பள்ளத்தாக்கு என்று ஒன்று இருந்தது. அங்கே ஒரு பெரிய செம்மான் மந்தை. அந்த மந்தை முழுவதற்கும் இருந்தது ஒரே ஒரு ஜோடிக் கொம்பு. நம்புங்கள், ஒரே ஒரு ஜோடிதான். அது யார் தலையில் இருக்கிறதோ அவர்தான் ஓரன் பிரபு. மற்ற ஆண்மான்களெல்லாம் மொட்டைத் தலையோடு திரிந்தன.

பிரபு சாகும்போது வாரிசின் பெயரைத் தன் வாயாலேயே சொல்லவேண்டும். சொன்னதும் கொம்பு தானாகக் கழன்று விழும்; வாரிசு குனிந்து தலையைக் கொடுத்தால் ஒட்டிக்கொள்ளும். அப்பனிடமிருந்து மகனுக்கு என்று ஐந்து தலைமுறை அப்படியே வந்துவிட்டது. அந்தப் பெயர்களை வரிசையாகப் பாடுவதற்கென்றே ஓர் அண்டங்காக்கை இருந்தது. பெற்ற தாய்மார்களில் ஒருத்தி பெயர்கூட அந்தப் பாட்டில் கிடையாது. ஏதோ அத்தனை பேரும் பாறையைப் பிளந்துகொண்டு வந்த மாதிரி!

ஆறாவது பிரபு டூகல். அவருக்கு மகன் இல்லை. ஒரே மகள், மோராக் என்ற பிணைமான்.

கடைசி நான்கு குளிர்காலமாக டூகலுக்குக் கண் சுத்தமாகத் தெரியாது. இது மோராக்குக்கு மட்டும்தான் தெரியும். வெளியே தெரிந்தால் பங்காளிகள் வந்து நிற்பார்கள், அப்பாவின் மரியாதை போய்விடும் என்று அவள் மூச்சு விடவில்லை. பனிக்காலத்தில் மந்தை மேட்டிலிருந்து இறங்கும்போது அவள் முன்னால் நடப்பாள். கிழவர் அவள் முதுகில் தாடையை வைத்துக்கொண்டு பின்னால் வருவார். கொட்டும் பனியில் பின்னால் வருகிறவர்களுக்கு என்ன தெரியும்? உயரத்தில் அந்தக் கொம்பு மட்டும்தான் தெரியும். அடடா, நம் பிரபுவின் கொம்பு எப்படி வழி கண்டுபிடிக்கிறது பார் என்று மெச்சிக்கொண்டார்கள்.

"அம்மாடி, நீ இல்லேன்னா நான் என்னைக்கோ போய்ச் சேர்ந்திருப்பேன்" என்பார் டூகல். "இந்தக் கொம்பு உனக்குத்தான். எவன் என்ன சொன்னாலும் சரி."

மோராக்குக்கு அந்தக் கொம்பின்மேல் ஆசை இருந்தது. ஏன் இருக்கக்கூடாது? வேலை செய்தவள் கூலி கேட்கக்கூடாதா? நான்கு வருஷமும் அந்த ஒரு சொல்லை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் அவள் முதுகு வலியைப் பொறுத்துக்கொண்டாள்.

இலையுதிர்காலத்தில் டூகல் படுத்துவிட்டார். மந்தை சுற்றி நின்றது. மோராக் தன் குட்டி ஐலாவோடு தலைமாட்டில் நின்றாள். அண்டங்காக்கை பாறைமேல் உட்கார்ந்து வம்சாவளியைப் பாடி, டூகல் பெயரோடு நிறுத்தியது.

"எஜமான், உங்களுக்கு அடுத்தது யாரு?"

டூகல் மகள் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பினார். காக்கைக்குப் புரிந்துவிட்டது. தத்தித் தத்தி அவர் காதருகே வந்தது.

"வேண்டாம் எஜமான். பொண்ணு பேரை இந்தப் பாட்டுல சேர்க்க முடியாது. அப்புறம் உங்களைத்தான் கடைசிப் பிரபுன்னு பாடணும். உங்களோட வம்சம் முடிஞ்சுதுன்னு காலாகாலத்துக்கும் பாடணும். நல்லாவா இருக்கும்?"

கண் போனதற்குக் கலங்காத மனிதர்... மனிதர் என்ன, மான்தான், இதற்குக் கலங்கிவிட்டார். கடைசி ஆள் என்ற பெயர் தனக்கு வந்துவிடக்கூடாதாம். மகள் பக்கமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ரூரி" என்றார்.

ரூரி அவருடைய தம்பி மகன். இரண்டு மலை தாண்டிக் கடலோரத்தில் வளர்ந்தவன். ஓரன் பள்ளத்தாக்கில் ஒரு குளிர்காலம்கூட இருந்தது கிடையாது.

மோராக் அவர் முகத்தருகே குனிந்தாள். "அப்பா, என்ன இது?"

"கோவிச்சுக்காதேம்மா. சின்னப் பையன், ஒண்ணும் தெரியாது. நீ பக்கத்துல இருந்து பார்த்துக்கோ."

"வழி நான் காட்டணும், பேரு அவனுக்கா?"

கிழவர் பதில் சொல்லவில்லை. கொம்பு கழன்று புல்லில் விழுந்தது. அவரும் போய்விட்டார். எனக்கென்னவோ, அவருக்குப் பதில் தெரிந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

ரூரி வந்தான், கொம்பைச் சூடிக்கொண்டான். கெட்டவன் என்று சொல்லமுடியாது. ஏரித் தண்ணீரில் தன் தலையைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தான், அவ்வளவுதான். ஒருநாள் மோராக்கிடம், "அக்கா, இங்க பனி விழுந்தா எந்தப் பக்கம் போவீங்க?" என்று கேட்கக்கூடச் செய்தான். காக்கை உடனே, "பிரபு யார்கிட்டயும் வழி கேட்கக்கூடாது" என்று அடக்கிவிட்டது. அதோடு கேட்பதை விட்டுவிட்டான்.

நடுக் குளிர்காலத்தில் மூன்று நாள் விடாமல் பனி கொட்டியது. மேட்டில் கடிக்க ஒரு புல் இல்லை. நான்காம் நாள் காலையில் மந்தை ரூரியின் முன்னால் வந்து நின்றது. அவன் நேராகக் கீழே தெரிந்த ஓடைப்பள்ளத்தைக் காட்டினான். கடலோரத்தில் அப்படித்தான் இறங்குவார்களாம்.

"ஐயோ, அந்தப் பக்கம் வேண்டாம் தம்பி!" என்று மோராக் குறுக்கே வந்து நின்றாள். "மேலே பனி பிதுங்கி நிக்குது, பாரு. கால் பட்டா சரியும். கிழக்கு முகட்டுலதான் போகணும். சுத்துதான், ஆனா அங்க காத்துல பனி நிக்காது."

மந்தையில் முணுமுணுப்பு எழுந்தது. "கொம்புக்குத் தெரியாததா இவளுக்குத் தெரியும்? நாலு வருஷமா கொம்புதானே நம்மளைக் கூட்டிப்போச்சு?"

"கொம்பா கூட்டிப்போச்சு? அப்பாவுக்குக் கண்ணே தெரியாது! நான்தான் கூட்டிப்போனேன்!"

ஒரு கிழட்டு மான், "சே! செத்துப்போன தகப்பனைப் பத்திப் பேசற பேச்சா இது?" என்று காறித் துப்பியது. அவ்வளவுதான், மொத்த மந்தையும் ரூரியின் பின்னால் கிளம்பிவிட்டது. நெரிசலில் ஐலாவும் மற்றக் குட்டிகளோடு இறங்கிவிட்டாள். மோராக் கத்திக்கொண்டே பின்னால் ஓடினாள்.

பாதிப் பள்ளம்கூடத் தாண்டவில்லை. மேலேயிருந்து பனி அப்படியே சரிந்து வந்து மூடியது.

கரையோரம் தப்பியவர்கள் எழுந்து பார்த்தபோது எங்கும் ஒரே வெள்ளை. நடுவில் கொம்பின் நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "பிரபு! பிரபு!" என்று அத்தனை பேரும் அங்கே ஓடித் தோண்டினார்கள். ரூரியை உயிரோடு எடுத்துவிட்டார்கள். ஐலாவுக்குக் கொம்பு கிடையாது. அவள் எங்கே கிடக்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை, யாரும் தேடவும் இல்லை. மோராக் ஒருத்தியாக, குளம்பு பிளந்து ரத்தம் வரத் தோண்டினாள். கிடைத்தபோது குட்டி விறைத்துப்போயிருந்தாள். அவளோடு சேர்த்துப் பதினேழு பேர்.

மோராக் அழுது முடித்து எழுந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் கிழக்கு முகட்டில் ஏறினாள். மிச்சம் இருந்தவர்கள் அவள் பின்னால் நடந்தார்கள். ரூரியும் கடைசி ஆளாக வந்தான்.

அதன்பிறகு வந்த மாதங்களில் ரூரியிடம் ஒருவரும் பேசவில்லை. ஏரிப் பக்கமே அவன் போகவில்லை. குளிர்காலம் முடியும் தறுவாயில் ஒருநாள் அவன் மோராக்கின் முன்னால் வந்து நின்றான். அவள் அப்போது நிறைசினை. விலா எலும்பை எண்ணிவிடலாம், அப்படி இளைத்திருந்தாள்.

"அக்கா, இது எனக்கு வேண்டாம். நீங்களே வெச்சுக்குங்க. அடுத்தது நீங்கதான், மோராக்" என்று சொல்லித் தலையைக் குனிந்தான். கொம்பு கழன்று அவள் காலடியில் விழுந்தது.

காக்கையும் பறந்து வந்தது. "ஏம்மா, எடுத்து வெச்சுக்கோ. என்ன செய்ய, பாட்டைக் கொஞ்சம் மாத்திப் பாடிக்கறேன்" என்றது.

இப்போது மாற்ற முடிகிறதாம்! பதினேழு பேர் செத்த பிறகு!

மோராக் கொம்பை மோந்து பார்த்தாள். கால் மடக்கிப் படுத்தாள். அதன் நுனியை வாயில் வைத்துக் கடக்கென்று கடித்தாள்.

"அடிப்பாவி!" என்று காக்கை அலறியது. "ஏழு தலைமுறைப் பட்டம்டி அது! தலையில வைக்கிறதைத் திங்கிறியே!"

"தலையில வெச்சு நான் என்ன பண்ண? வயித்துல ஒண்ணு இருக்கு. அதுக்குப் பால் வேணும். இதுல சுண்ணாம்பும் உப்பும் இருக்கு" என்றாள் மோராக், மென்றுகொண்டே.

மற்ற சினைமான்களும் ஒவ்வொன்றாக வந்து படுத்துக்கொண்டு கடிக்க ஆரம்பித்தன. காக்கை சிறகை அடித்துக்கொண்டு அங்கும் இங்கும் ஓடியது. பட்டம் அழிந்துவிடப் போகிறதே என்று பதறிப்போய், சிந்திய தூளையெல்லாம் அலகால் பொறுக்கி, கண்ணில் பட்ட ஆண்மான் நெற்றியில் எல்லாம் அப்பிவிட்டது. யாராவது ஒருத்தன் தலையில் முளைத்தால் போதும் என்று நினைத்தது. அத்தனை பேர் தலையிலும் முளைத்துவிட்டது.

அந்த நாளிலிருந்துதான் செம்மான்களில் ஒவ்வொரு ஆணுக்கும் கொம்பு முளைக்கிறது. நான்தான் பிரபு, நான்தான் பிரபு என்று ஒன்றையொன்று முட்டிக்கொண்டு சாகின்றன. தூளில் முளைத்த கொம்பு நிற்குமா? வருஷா வருஷம் உதிர்ந்து விழுகிறது. விழுந்ததைச் சினைமான்கள் தேடிப்போய்ப் பாலுக்காகக் கடிக்கின்றன. பனி கொட்டும் நாளில் மந்தையை முன்னால் நின்று நடத்திக் கூட்டிப்போவது, இன்றைக்கும், வயதான ஒரு பிணைமான்தான். அவளுக்குப் பட்டம் எதுவும் கிடையாது.