அரை நிமிடத்தில் வந்த பதில்

மெயிலுக்குப் பயந்து சாமியாராகப் போன மனிதர் ஒருவர் உண்டென்றால் அது தாணுமூர்த்திதான். சென்னையில் ஒரு பெரிய கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மேலாளராக இருந்தவர். பல் தேய்க்கும்போதும் மெயில், சாப்பாட்டுக்கு நடுவிலும் மெயில். மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தபோதுகூட ஒரு கண் கைபேசியில்தான் இருந்தது. மனைவி காலமான மறுவருஷம் எல்லாவற்றையும் உதறிவிட்டு, பொதிகை மலையடிவாரத்து ஆசிரமம் ஒன்றுக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே குரு வடிவம்மை. தாணுமூர்த்தியைவிட வயதில் இளையவர். வளவளவென்று பேசுகிறவர் அல்ல.

"உங்களுக்கு என்ன வேலை தெரியும், ஐயா?" என்று கேட்டார்.

தாணுமூர்த்தி உண்மையைச் சொல்லித் தொலைத்தார். மறுநாளே ஆசிரமத்து அலுவலகக் கம்ப்யூட்டர் அவர் தலையில் விழுந்தது.

அது கம்ப்யூட்டரே அல்ல, பூர்வஜென்மக் கடன். காலையில் பொத்தானை அமுக்கிவிட்டுக் குளித்து வந்தால்தான் திரையில் ஏதாவது தெரியும். பாஸ்வேர்டு ஊருக்கே தெரியும். அதை யாராவது ஒருவர் மாற்றுவார், மாற்றியவருக்கே மறந்துபோகும். அறங்காவலர்களில் ஒருவர் 'நல்லது' என்று எழுதினால் மீதி எல்லோரும் எல்லோருக்கும் 'நல்லது' என்று எழுதுவார்கள். பெரிய பெரிய படங்களாக அனுப்பிப் பெட்டியை நிரப்புகிறவர்கள் வேறு. எல்லா மெயிலுக்கும் தலைப்பு ஒன்றுதான்: அவசரம். அவசரம், தைப்பூசத்துக்கு லட்டு உண்டா? அவசரம், போன வருஷம் என் குடையை அங்கே விட்டுவிட்டேன்.

எதை விட்டு ஓடி வந்தாரோ அது அவருக்கு முன்னாலேயே இங்கே வந்து பாய் விரித்துப் படுத்திருந்தது.

மலைமேல் ஒரு குகை உண்டு. மௌன விரதம் இருப்பவர்கள் ஒரு மண்டலம் அதில் தங்குவார்கள். அதன் கம்பிக் கதவுச் சாவி, யார் வைத்த விளையாட்டோ, இந்த அலுவலகச் சுவரில்தான் ஆணியில் தொங்கியது. நிமிர்ந்தால் சாவி, குனிந்தால் மெயில்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் குருவிடம் போய்க் கேட்டேவிட்டார்.

"அம்மா, என்னைக் குகைக்கு அனுப்புங்க. அதுக்குத்தான் நான் வந்தேன்."

"அனுப்பறேன். எழுதினவங்க எல்லாருக்கும் பதில் போகட்டும். பெட்டி காலியான அன்னிக்குச் சாவியை எடுத்துக்கோங்க."

தாணுமூர்த்தி வேலையில் இறங்கினார். வந்ததற்கெல்லாம் பதில் எழுதினார். பதிலுக்கு நன்றி வந்தது. நன்றிக்குப் பதில் எழுதினால் அதற்கும் ஒரு நன்றி. கிணற்றை வாளியால் இறைத்துத் தீர்க்கப் பார்க்கிறவரைப் போல ஆகிவிட்டார்.

கடைசியில் அவருக்குள் இருந்த பழைய மேலாளர் கண் விழித்தார். ஒரே முற்பகலில் காரியம் முடிந்தது. வெப்சைட்டிலிருந்து ஆசிரமத்துத் தொலைபேசி எண்ணை எடுத்துவிட்டார். வருகிற மெயிலுக்கெல்லாம் கம்ப்யூட்டர் தானே பதில் அனுப்பும்படி செய்தார்: 'அன்புடையீர், தங்கள் மடல் கிடைத்தது. உரிய காலத்தில் பதில் வரும். அமைதி நிலவட்டும்.' அதற்குமேல் ஒன்று. 'அவசரம்' என்ற சொல்லோடு வருவதெல்லாம் கண்ணில் படாமல் 'பிறகு' என்ற தனிப் பெட்டிக்குப் போகும்படி ஒரு விதி போட்டார். உண்மையான அவசரம் என்று உலகத்தில் எதுவுமில்லை என்பது அவருடைய சர்வீஸ் அனுபவம்.

சில வாரங்களில் பெட்டி துடைத்துவைத்த தட்டுப்போல ஆனது. சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு குருவைத் தேடிப் போனார். வடிவம்மை தோட்டத்தில் வாழைக்குப் பாத்தி வெட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் பதில் போயிடுச்சாய்யா?"

"போயிடுச்சும்மா. ஒண்ணு பாக்கியில்ல."

"மேல போய் என்ன செய்யப் போறீங்க?"

"பேசாம உட்காருவேன். ஒரே ஒரு கேள்வி இருக்கு. அதுக்குப் பதில் வர்ற வரைக்கும் காத்திருப்பேன்."

"உடனே வந்துட்டா?"

தாணுமூர்த்தி சிரித்தார். "உடனே வந்தா அது பதிலே இல்லம்மா."

வடிவம்மை மண்வெட்டியை நிறுத்தி அவரை ஒரு பார்வை பார்த்தார். "நாளைக்குக் காலையில புறப்படுங்க" என்றார்.

அவர் சந்தோஷமாகத் திரும்பி வந்தபோது அலுவலக வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். முகத்தில் வெயிலும் பயணமும் அப்பியிருந்தன. செருப்பைக்கூடக் கழற்றாமல், "மெயிலுக்குப் பதில் போடுத சார் யாரு?" என்று கேட்டாள்.

"நான்தான். என்னம்மா?"

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நான் இசக்கியம்மா, சார். வள்ளியூர் பக்கம். பால் சொசைட்டில கம்ப்யூட்டர் பாக்கேன். நீங்கதான் எனக்குத் தவறாமப் பதில் போட்டீங்க. எழுதி அரை நிமிசத்துல வந்துரும். நடுச்சாமத்துல எழுதினாக்கூட வந்துச்சு. நமக்காக எங்கயோ ஒருத்தர் உறங்காம முழிச்சிருக்காருன்னு நெனச்சுக்கிடுவேன். அந்தத் தெம்புலதான் இத்தனை நாளும் இருந்தேன்."

தாணுமூர்த்திக்குக் கையிலிருந்த சாவி கனத்தது.

"என்னன்னு எழுதியிருந்தீங்க?"

அவள் திகைத்தாள். "வாசிக்கலியா, சார்?"

அவர் உள்ளே போய் 'பிறகு' பெட்டியைத் திறந்தார். லட்டுக்கும் குடைக்கும் நடுவில் அவள் எழுதிய நான்கு மெயில்கள் கிடந்தன.

அவசரம். என் கணவர் கோமதிநாயகம் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்விட்டார். போனையும் வைத்துவிட்டுப் போய்விட்டார். முன்பு அங்கே வந்து தங்கியிருக்கிறார். இப்போது அங்கே இருக்கிறாரா? இருக்கிறார், இல்லை என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

அவசரம். போன மெயில் கிடைத்ததாக எழுதியிருந்தீர்கள், நன்றி. அவர் அங்கே இருக்கிறாரா, இல்லையா?

அவசரம். மாமனார் படுத்த படுக்கையாகிவிட்டார். மகன் பெயரையே சொல்கிறார்.

அவசரம். வீட்டுக்கு வந்து இருக்கச் சொல்லவில்லை. அவர் அப்பா முகத்தை வந்து பார்த்துவிட்டுப் போனால் போதும். டாக்டர் நாள் சொல்லிவிட்டார்.

கோமதிநாயகத்தைத் தாணுமூர்த்திக்குத் தெரியும். சமையல்கட்டில் காய் நறுக்குகிற ஆள். முதல் மெயில் வந்ததற்கு முன்னாலிருந்தே இங்கேதான் இருந்தார். தினமும் அவர் கையால்தான் தாணுமூர்த்தி சாம்பார் வாங்கிச் சாப்பிட்டார். முந்தாநாள்தான் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிற கூட்டத்தோடு சேர்ந்து நடக்கக் கிளம்பிப் போனார்.

"இருக்காவளா, சார்?" வாசலிலிருந்து அவள் குரல் வந்தது. "பக்கத்து வீட்ல மாமாவ ஒப்படைச்சுட்டு வந்திருக்கேன். இன்னிக்குத் தாங்குமோ, நாளைக்குத் தாங்குமோ."

அவர் தோட்டத்துக்கு ஓடினார். ஓடிப் பழக்கமில்லாத உடம்பு. மூச்சு வாங்க எல்லாவற்றையும் குருவிடம் கொட்டினார்.

"அம்மா, இப்ப நான் என்ன செய்யறது?"

வடிவம்மை நிமிரவே இல்லை.

"அன்புடையீர், தங்கள் மடல் கிடைத்தது. உரிய காலத்தில் பதில் வரும். அமைதி நிலவட்டும்."

தாணுமூர்த்திக்குக் காது சரியாகத்தான் கேட்டதா என்று சந்தேகம் வந்துவிட்டது.

"அம்மா, அந்தப் பொண்ணு வாசல்ல நிக்குது. நான் போய் என்ன சொல்லட்டும்?"

"அன்புடையீர், தங்கள் மடல் கிடைத்தது." அதே குரல். ஏற்றமில்லை, இறக்கமில்லை. "உரிய காலத்தில் பதில் வரும். அமைதி நிலவட்டும்."

"ஒரு உசிரு போயிட்டிருக்கும்மா!" என்று கத்தினார். அந்த ஆசிரமத்தில் யாரும் யாரிடமும் அப்படிக் கத்தியதில்லை. "சொல்லுங்கம்மா, என்ன செய்ய?"

"அன்புடையீர்..."

அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது. எதிரே இருப்பது குரு என்பதே மறந்துபோய், மண்வெட்டியைப் பிடுங்கி வீசிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. வீசவில்லை. திரும்பி நடந்தார். சாவியை ஆணியில் மாட்டினார். ஆசிரமத்து வேன் சாவியை எடுத்தார்.

"ஏறுங்கம்மா" என்றார் இசக்கியம்மாளிடம். "இங்கதான் இருந்தார். முந்தாநாள் போயிட்டார். ரோட்டுலதான் இருப்பார், பிடிச்சிடலாம்."

அம்பாசமுத்திரம் தாண்டி, திருநெல்வேலி தாண்டிப் போனார்கள். பச்சை வேட்டி கட்டிய பாதயாத்திரைக் கூட்டம் எங்கே தெரிந்தாலும் வண்டியை நிறுத்திக் கேட்டார்கள். யாருக்கும் கோமதிநாயகத்தைத் தெரியவில்லை. இசக்கியம்மாள் கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். அது அடித்துவிடக் கூடாதே என்று இரண்டு பேருமே பயந்தார்கள்.

செய்துங்கநல்லூருக்கு முன்னால் தாணுமூர்த்தி வாயைத் திறந்தார்.

"அம்மா, அந்தப் பதிலெல்லாம் நான் எழுதல. மெஷின் அனுப்பினது. யாரும் முழிச்சிருக்கல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வெகுதூரம் போன பிறகு, "ரோட்டப் பாத்து ஓட்டுங்க, சார்" என்றாள்.

கருங்குளத்தில் ஒரு புளியமர நிழலில் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார் கோமதிநாயகம். மனைவி வண்டியிலிருந்து இறங்குவதைக் கண்டதும் எழுந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"எங்க அய்யாவுக்கா?" என்றார்.

"உசிரு இருக்கு. வாங்க."

தாணுமூர்த்தி வேன் கதவைத் திறந்தார். வீடு வரைக்கும் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். இசக்கியம்மாள் வேண்டாமென்று தலையசைத்தாள்.

"அந்தா பஸ் வருது, நாங்க அதுல போய்க்கிடுதோம். இவுககிட்டப் பேச வேண்டியது இருக்கு."

அதோடு அவர்கள் போய்விட்டார்கள்.

ஆசிரமத்துக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அந்தத் தானியங்கிப் பதிலை நிறுத்தினார் தாணுமூர்த்தி. விதியை அழித்தார். பிறகு இசக்கியம்மாளுக்குத் தன் கையால் ஒரு மெயில் எழுதினார்: 'போய்ச் சேர்ந்தீர்களா? பார்த்தாரா?'

பதில் இல்லை.

மறுநாள் விடிந்தது. குகைக்குப் போக வேண்டிய நாள். அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. சோறு வந்தது, ஆறியது. யாரோ பேச்சுக் கொடுத்தார்கள், காதில் ஏறவில்லை. புதிதாக ஒரு மெயில் வரும்போதெல்லாம் அவசரமாகத் திறந்தார். பார்த்தால் லட்டாக இருந்தது. லட்டு கேட்டவருக்கும் 'உண்டு' என்று பதில் எழுதிவிட்டு மறுபடியும் காத்திருந்தார். தான் அனுப்பியது போய்ச் சேர்ந்ததா, அவள் கோபத்தில் படிக்காமலே விட்டாளா, பேருந்து நடுவழியில் நின்றுவிட்டதா என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

அதற்கும் மறுநாள் பதில் வந்தது.

'மெஷின் இல்ல சார், நாந்தான் எழுதுதேன். மாமா கண்ணு முழிச்சு இவுகளப் பாத்தாவ. கையப் பிடிச்சுக்கிட்டாவ. சாயந்தரம் போயிட்டாவ. காரியம் பாக்க இவுக இங்கதான் இருக்காவ. நீங்க உறங்குங்க.'

தாணுமூர்த்தி அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். வெட்கத்தை விட்டு அழுதார்.

நிமிர்ந்தபோது வடிவம்மை எதிரே நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"பெட்டி காலியாய்யா?"

"இல்லம்மா. நிறைஞ்சு கிடக்கு."

குரு சுவரைப் பார்த்தார். சாவி ஆணியிலேயே இருந்தது. வாசல் பக்கம் திரும்பினார்.

தாணுமூர்த்திக்கு மனம் ஆறவில்லை. "அம்மா" என்று கூப்பிட்டார். "அன்னிக்கு நான் உங்ககிட்ட மூணு தடவை கேட்டேன். 'போய்த் தேடு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. மூணு தடவை கேட்டேனேம்மா."

வடிவம்மை வாசற்படியில் நின்றார்.

"அந்தப் பொண்ணு நாலு தடவை கேட்டுச்சு, ஐயா."