ஈசல் குரலில் கூப்பிட்டவன்

அந்தக் காலத்தில் மீனுக்கும் பேச்சு உண்டு, ஈசலுக்கும் பேச்சு உண்டு. ஆற்றில் எது விழுந்தாலும் மீன் லபக்கென்று விழுங்கிவிடாது. கிட்டே வந்து, "உயிரா, சருகா?" என்று ஒரு வார்த்தை கேட்கும். பதில் இல்லையென்றால் தின்னும். "உயிர்தான்" என்று சத்தம் வந்தால், நோகாமல் உதட்டில் கவ்விக் கொண்டுபோய்க் கரைப் புல்லில் விட்டுவிடும். தண்ணீருக்குள் இருந்த முறை அது.

மலையடிவாரத்தில், ஆற்றோரம் கொம்பையா என்று ஒருத்தன் இருந்தான். அங்கே கசம் என்கிற ஆழமான மடுவில் வெள்ளாச்சி என்று ஒரு கெண்டை. அவன் மகள் பாறை வழுக்கி உள்ளே விழுந்தபோது, கூட்டத்தைத் திரட்டி வந்து முட்டி முட்டிக் கரையேற்றியவள் அவள்தான். பாறையில் உரசி அவள் வால் கிழிந்துபோனது. அன்றிலிருந்து அவள் அவனுக்குத் தங்கச்சி. அவன் அவளுக்கு அண்ணன்.

கொம்பையாவின் மனைவி ஆவுடை. அவளுடைய அண்ணன் சேர்மான் கடற்கரை ஊர்க்காரன். ஒருநாள் விருந்துக்கு வந்தவன் கீரையைப் பார்த்ததும் இலையை மடக்கிவிட்டான்.

"என்ன மாப்ளே, ஆத்துல இருக்கிற மீனெல்லாம் உனக்குச் சொந்தக்காரங்களோ? என் தங்கச்சிய மாட்டுக்கா கட்டிக் குடுத்தேன்? நாளைக்கும் இதே கீரைதான்னா அவளக் கூட்டிட்டுப் போயிருவேன்."

அது கொம்பையாவுக்குச் சுருக்கென்று தைத்தது. பாறைக் கசத்தில் வலை வீசினால் கிழிந்துபோகும். சாயங்காலம் வரை கரையில் உட்கார்ந்து, ஈசல் விழுவதையும் மீன் கேட்பதையும் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் எழுந்துபோய்ச் சேவலின் கழுத்து இறகு இரண்டைப் பிடுங்கினான். வளைந்த முள்ளில் வைத்துச் சிறகு போலக் கட்டினான். கற்றாழை நாரில் கோர்த்துத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பாறைக்குப் பின்னால் குப்புறப் படுத்துக்கொண்டான்.

வெள்ளாச்சி வந்தாள். "உயிரா, சருகா?"

குரலை மெலிசாக்கிக்கொண்டு அவன் சொன்னான்: "உயிர்தான் தாயி. முங்கப் போறேன், காப்பாத்து."

"பயப்படாத. கரை இந்தா இருக்கு" என்று கவ்விக்கொண்டாள்.

நாரை இழுக்கிற வேலைகூட அவனுக்கு இல்லை. அவளே நீந்திக் கரைக்கு வந்தாள். புல்லில் விடப் பார்த்தாள். விட முடியவில்லை. உதட்டிலிருந்து ரத்தம் வந்தது. பாறைக்குப் பின்னால் அண்ணன் தலை தெரிந்ததும் அவளுக்குச் சந்தோஷம்.

"அண்ணே, நல்லவேளை நீ இருந்த! இந்த ஈசல் என் வாயில மாட்டிக்கிட்டு. கொஞ்சம் எடுத்து விடேன்."

அவன் குனிந்து இரண்டு கையாலும் அவளைத் தூக்கினான்.

குழம்பு மணத்தது. சேர்மான் முள்ளை உறிஞ்சிக்கொண்டே, "இப்பத்தான் மாப்ளே நீ ஆத்தங்கரைக்காரன்" என்று சிரித்தான். ஆவுடை மட்டும் சட்டிக்குள் கரண்டியை விட்டவள் அப்படியே நின்றாள்.

"இந்த வால் கிழிசல்... நம்ம பிள்ளையக் கரையேத்தும்போது பட்டதுல்லா?"

கொம்பையா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அவள் அன்று சாப்பிடவில்லை. அண்ணனோடும் போகவில்லை. அதற்கப்புறம் புருசனிடம் பேசவும் இல்லை.

மறுநாள் சாயங்காலம் அவன் ஆற்றுக்குப் போனான். ஈசல்கள் கொத்துக் கொத்தாக விழுந்தன. "உயிர்தான்! உயிர்தான்!" என்று கத்தின. ஒரு மீனும் கேட்கவில்லை. சளப் சளப்பென்று விழுங்கிக்கொண்டிருந்தன.

"ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தின்னா என்ன?" என்றான் கொம்பையா.

வெள்ளாச்சியைக் கூப்பிட்ட அந்தக் குரல் கேட்டதும் கசமே காலியாகிவிட்டது. ஒரே ஒரு குஞ்சு மட்டும் அவனைப் பார்த்து வாயைத் திறந்தது. கேள்வி உதடு வரை வந்தது. மூடிக்கொண்டது.

அன்று முதல்தான் மீன் வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, ஒன்றும் கேட்பதில்லை. தூண்டில் போட்டு உட்கார்ந்தவனும் அன்று முதல்தான் வாய் திறப்பதில்லை. அந்தக் குரலைத் தண்ணீர் இன்னும் மறக்கவில்லை.