கூழைக்கடாவும் நீர்க்காகமும் கூட்டுச் சேர்ந்த கதை

அந்தக் காலத்தில், பறவைகள் வாய்விட்டுப் பேசித் திரிந்தபோது, ஒரு கண்மாயின் கிழக்குக் கரையில் கூழைக்கடாக்களும் மேற்குக் கரையில் நீர்க்காகங்களும் குடியிருந்தன. இரண்டு கூட்டத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. தங்கள் மீனை மற்றவர் திருடுவதாக இருவருக்குமே நினைப்பு.

ஒரு வருடம் மழை கொட்டித் தீர்த்தது. கண்மாய் ததும்பியது. கூழைக்கடாக்கள் அலகை நீட்டினால் மீன்கள் ஆழத்துக்கு ஓடின. நீர்க்காகங்கள் முக்குளித்தால் மேலே வந்து சிதறின. கூடுகளில் குஞ்சுகள் பசியில் கத்தின. பேரலகி என்ற கூழைக்கடாவின் இரண்டு குஞ்சுகளில் ஒன்று செத்தே போனது.

“நான் மேற்குக் கரைக்குப் போறேன்” என்றது பேரலகி.

“அவங்ககிட்டயா? கொத்தி விரட்டுவாங்க!” என்றது கூட்டம்.

“கொத்தட்டும். இன்னொரு பிள்ளையைச் சாக விடமாட்டேன்.”

மேற்குக் கரையில் வந்து இறங்கிய பேரலகியை நீர்க்காகங்களின் தலைவன் முக்குளியான் முறைத்துப் பார்த்தது.

“அண்ணே, நீங்க அடியிலிருந்து மீனை விரட்டுங்க. நாங்க மேலே வளைச்சு நின்னு மடக்குறோம்.”

“மடக்கின மீனெல்லாம் உங்க அலகுப் பைக்குள்ள போயிரும். எங்களுக்கு என்ன மிஞ்சும்?”

“முதல் வாய் மீன் உங்களுக்குத்தான்” என்றது பேரலகி.

முதல் நாள் காரியம் கெட்டது. மீன் மேலே வருவதற்குள் கூழைக்கடாக்கள் அவசரப்பட்டுப் பாய்ந்தன. கண்மாயே கலங்கிப்போனது. இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று ஏசிக்கொண்டு கரையேறின.

பேரலகி விடவில்லை. இரண்டு கரைக்கும் மாறி மாறிப் பறந்தது. “நாளைக்கு முக்குளியான் அண்ணன் தலை தண்ணிக்கு மேல தெரியிற வரைக்கும் யாரும் அசையக்கூடாது” என்று தன் கூட்டத்திடம் கண்டித்துச் சொன்னது.

மறுநாள் கூழைக்கடாக்கள் அரைவட்டமாக அசையாமல் மிதந்தன. நீர்க்காகங்கள் முக்குளித்தன. முக்குளியானின் கறுத்த தலை மேலே வந்ததும் எல்லாம் ஒன்றாக நெருங்கின. பேரலகியின் பை மீனால் நிரம்பியது. அந்த நேரத்தில் கிழக்குக் கரையிலிருந்து அதன் குஞ்சு ஈனக் குரலில் கத்தியது. பேரலகி ஒரு கணம் அந்தப் பக்கம் திரும்பியது. பிறகு நீர்க்காகங்களிடம் நீந்திப் போய், பையிலிருந்த மீனையெல்லாம் கரைச் சேற்றில் கொட்டியது.

“எடுத்துக்கோங்க.”

முக்குளியான் தன் கூட்டத்துக்குப் பாதியைத் தள்ளிவிட்டுச் சொன்னது: “மிச்சத்தைப் பிள்ளைக்குக் கொண்டு போ தாயி. சீக்கிரம் திரும்பி வா, அடுத்த தடவை விரட்டணும்.”

அந்தக் குஞ்சு பிழைத்துக்கொண்டது.

அன்று முதல்தான் நீர்க்காகங்கள் அடியிலிருந்து மீனை விரட்ட, கூழைக்கடாக்கள் மேலே வளைத்து நின்று காத்திருக்கின்றன.