அபின் திருடர்களும் காலிக் கஜானாவும்

குவளைநாட்டு ராஜா வீரகண்டருக்கு அபின் தின்பவர்களைக் கண்டாலே ஆகாது. அபின் வாங்கக் காசில்லாமல் எவனாவது ஒரு செம்பைத் திருடினால் போதும், பிடித்து உள்ளே தள்ளச் சொல்வார். வெளியே வந்தவன் மறுபடி திருடுவான். மறுபடி உள்ளே போவான். சிறை பிதுங்கி வழிந்தது. இன்னொரு சிறை கட்டலாம் என்று சிறைத்தலைவன் கோளரி சொன்னபோது, கஜானாவில் எலி ஓடிக்கொண்டிருந்தது.

"எவனோ என் கஜானாவைத் தின்கிறான்!" என்று கர்ஜித்த ராஜா, அரசவை விகடர் நாகலிங்கத்தைப் பார்த்தார். "நானும் கோளரியும் வேட்டைக்குப் போகிறோம். திரும்புவதற்குள் அந்தப் பெருந்திருடனைப் பூட்டி வை. அதுவரை அதிகாரம் உன்னுடையது. தவறினால் தலை உன்னுடையதில்லை."

கோளரி மீசைக்குள் சிரித்தான்.

நாகலிங்கத்துக்குக் கழுத்து குறுகுறுத்தது. நேரே சிறைக்குப் போனார். அங்கே செவ்வந்தியப்பன் என்ற நெசவாளி சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தான்.

"உள்ளேதான் அபினே கிடையாதே, இன்னுமா ஆசை விடவில்லை?"

"யார் சாமி சொன்னது? வெளியிலே தேடி அலையணும். இங்கே காவல்காரரே கொண்டுவந்து தர்றார். விலைதான் ரெட்டிப்பு. இன்னிக்குக் கையிலே காசில்லை."

நாகலிங்கத்துக்குத் திருடன் யாரென்று புரிந்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்து ராஜாவும் கோளரியும் திரும்பியதும், நாகலிங்கம் அவர்களைச் சிறைவாசலுக்கே அழைத்துப் போனார். கதவில் பெரிய பூட்டு. உள்ளே ஈ காக்கை இல்லை.

"ஐயோ, என் கைதிகள்!" என்று கோளரி அலறினான்.

"கத்தி எடுத்தவர்கள் கோட்டை நிலவறையில் இருக்கிறார்கள். அபின்காரர்கள் வைத்தியசாலையில். அழுதார்கள், வாந்தி எடுத்தார்கள், இருவர் சுவரேறி ஓடித் தாங்களாகவே திரும்பி வந்தார்கள். செவ்வந்தியப்பன் இப்போது கை நடுங்காமல் தறி ஓட்டுகிறான்."

"திருடனுக்கு மருந்தா? யார் செலவில்?"

"தங்கள் செலவில்தான் மகாராஜா. பூட்டி வைக்க ஆனதில் கால்பங்கு. மீதி கஜானாவில் இருக்கிறது."

ராஜாவின் குரல் சட்டென்று இறங்கியது. "சரி, பெருந்திருடன் எங்கே?"

"இதோ, எதிரிலேயே நிற்கிறான். இந்தச் சிறைதான் கஜானாவைத் தின்றவன். உத்தரவுப்படி பூட்டிவிட்டேன்."

ராஜா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "எத்தனை வருஷம் தண்டனை?"

"ஆயுள் முழுக்க வைத்திருங்கள் மகாராஜா. தங்கள் கைதிகளில் சோறு கேட்காதவன் இவன் ஒருவன்தான்!"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்து, முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். கோளரிக்கும் வேலை போகவில்லை. வைத்தியசாலையில் கஷாயம் கிண்டுகிறான்.