எண்பத்தெட்டு சதவீதம்

கேட்டால் நம்ப மாட்டீர்கள், ஆனால் நடந்தது இதுதான்.

விரால் மீன் பண்ணையில் தீவனம் போடுகிறவள் அஞ்சுகம். மூன்று மாதமாகக் கோழி இறகுத் தூளை அள்ளி அள்ளிப் போட்டும் மீன் விரல் அளவைத் தாண்டவில்லை.

தூள் விற்ற கம்பெனியின் அதிகாரி சபாநாயகம் காரில் வந்தார். குளத்துப் பக்கமே போகவில்லை. நேராக முதலாளியிடம் சொன்னார்: "எங்க தூள்ல எண்பது சதவீதம் புரதம், சார். இந்தம்மா மூட்டையைத் திருடி விக்கிறா. வேலையை விட்டு நிறுத்துங்க!"

"தூள்தான் சரியில்லீங்க," என்றாள் அஞ்சுகம்.

"அப்படியா? எண்பதைத் தாண்டின தீவனம் ஒண்ணு காட்டு, பார்க்கலாம்!"

மறுநாளே ஒரு டப்பா கறுப்புத் தூளை நீட்டினாள். "உங்க லேப்லயே பாருங்க."

ஐந்தாம் நாள் சபாநாயகம் ரிப்போர்ட்டோடு ஓடி வந்தார். "எண்பத்தெட்டு! பிரமாதமான சரக்கு! யார் தயாரிப்பு?"

"டவுன் சலூன்ல கூட்டி அள்ளின முடிங்க. வறுத்து இடிச்சேன்."

சபாநாயகத்தின் கை, போன வாரம் அதே சலூனில் முடி வெட்டிக்கொண்ட தலைக்குத் தானாகப் போனது.

அஞ்சுகம் ஒரு மீனை அறுத்து அவர் முன்னால் வைத்தாள். வயிறு நிறைய இறகுத் துணுக்கு, போட்டது போட்டபடி கிடந்தது.

"ஆவியில நல்லா வெந்த இறகுதாங்க செரிக்கும். வேகாத இறகும் முடியும் ஒண்ணுதான். புரதம் இருக்குன்னு லேப் சொல்லும். லேப்புக்கு வயிறா இருக்கு? மீனுக்கு இருக்குங்களே!"