பலாக் கத்தியின் உள்பக்கம்

பண்ருட்டிக்குக் கிழக்கே, முந்திரித் தோப்பு முடிகிற இடத்தில் அஞ்சலாட்சியின் கத்திப் பட்டறை இருந்தது. தொழில் கற்க வருகிறவர்களை அவள் திருப்பி அனுப்புவதில்லை. உலைக்குக் காற்று ஊதும் துருத்தியே பாதிப் பேரை அனுப்பிவிடும்.

தணிகாசலம் போகவில்லை. ஐம்பத்தாறு வயதில் வந்து சேர்ந்தவர். அதற்கு முன் கல்யாண மண்டபங்களில் மணவறை அலங்காரம் செய்துகொண்டிருந்தார். குருவைவிடப் பத்தொன்பது வயது மூத்தவர். அவர் அவளை 'வாத்தியாரம்மா' என்பார். அவள் அவரை 'அண்ணே' என்பாள்.

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. சீடர் செய்த முதல் கத்தி, வாங்கியவரிடமே தங்கிவிட வேண்டும். தங்கினால் சீடர் உலைக்கு முன்னால் உட்காரலாம். திரும்பி வந்தால் மறுபடி துருத்தியிலிருந்து தொடங்க வேண்டும். தணிகாசலம் துருத்தி இழுத்தது ஒன்றரை வருஷம். அவருடைய வலது தோள் அதை இன்னும் மறக்கவில்லை.

அவருடைய முதல் கத்தி பச்சைவாழிக்கு. அவள் பேருந்து நிலையத்துக்கு எதிரே பலாச்சுளை விற்கிறவள்.

கத்தியை அடித்து, தீட்டி முடித்த அன்று தணிகாசலம் கேட்டார்.

"வாத்தியாரம்மா, துரு பிடிக்காம இருக்க எஃகுக்குக் கறை ஏத்துறீங்களே, அதையே கோலமா ஏத்தலாமா?"

"ஏத்தலாம்."

"எவ்வளவு அழகா வேணும்னாலும்?"

"உங்களுக்கு எவ்வளவு பொறுமை இருக்கோ அவ்வளவு."

தணிகாசலம் கடுகைக் காடி விட்டு மையாக அரைத்தார். கோழி இறகால் தொட்டுக் கத்தியின் இரண்டு பக்கமும் அலை அலையாக இழுத்தார். காய்ந்ததும் கழுவினார். கடுகு உட்கார்ந்த இடம் வெளுத்தும், அதன் விளிம்பு கருநீலமாகவும் நின்றது. அதன்மேல் இன்னொரு வரிசை. அதன்மேல் இன்னொன்று. நடுவில் ஒருமுறை வடை தின்ற கையால் தொட்டுவிட்டார். எண்ணெய் பட்ட இடத்தில் கறை ஏற மறுத்தது. எல்லாவற்றையும் தேய்த்து அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்.

கடைசியில் கத்தியில் ஒரு கடலே இருந்தது. தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திக் காட்டினார். டீக்கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த டிசைன் சேலையில் கிடைக்குமா என்று கேட்டார். தணிகாசலத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

கத்தி போய்ச் சேர்ந்த மறுநாள் மத்தியானமே பச்சைவாழி பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

"யாருங்க இந்தக் கத்தியைச் செஞ்சது?"

தணிகாசலம் துண்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். "நான்தாம்மா."

"நல்லா இருப்பீங்க. காலையிலேர்ந்து ஒரு சுளை போகல."

"ஏன்?"

"கத்தி துருப் பிடிச்சுக் கெடக்குன்றாங்க. இதுல அறுத்ததைத் தின்னா ஊசி போட்டுக்கணுமா பாட்டின்னு ஒருத்தன் கேக்குறான். என்னைப் போய்ப் பாட்டின்றான்!"

"அது துரு இல்லம்மா. துருவைத் தடுக்கிற கறை. நல்லாப் பாருங்க, கடல் அலை மாதிரி..."

"அதை பஸ்ஸுல வர்றவங்ககிட்ட நீங்களே வந்து சொல்லுங்க. பஸ்ஸு ரெண்டு நிமிஷம் நிக்கும். அதுக்குள்ள கடலைக் காட்டி முடிச்சுடணும்."

அவள் கத்தியைப் பட்டடைக் கல்லின்மேல் வைத்தாள். "எனக்கு வெறும் கத்தி ஒண்ணு குடுங்க. இதை நீங்களே வெச்சுக்குங்க."

தணிகாசலத்தின் வலது தோள் தானாக வலித்தது. அவர் குருவைப் பார்த்தார்.

அஞ்சலாட்சி கத்தியை எடுத்துப் பச்சைவாழியின் கையிலேயே திரும்பக் கொடுத்தாள். ஒரு மரக்கட்டையை அவள் முன்னால் வைத்தாள்.

"இதுதான் பழம். எப்படி அறுப்பீங்க, காட்டுங்க."

பச்சைவாழி சம்மணம் போட்டு உட்கார்ந்து காட்டினாள். அஞ்சலாட்சி எதிரே நின்று பார்த்தாள். பிறகு சுற்றிப் போய் அவள் தோளுக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள்.

கத்தியை வாங்கி, செங்கல் பொடியும் பாதி எலுமிச்சம்பழமும் எடுத்து, எதிரே நிற்பவர்களுக்குத் தெரிகிற வெளிப்பக்கத்தைத் தேய்க்கத் தொடங்கினாள்.

தணிகாசலம் கண்ணை மூடிக்கொண்டார். முகூர்த்தம் முடியும் முன்பே பந்தலைப் பிரிக்கிற சத்தம் போல அவருக்குக் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது அந்தப் பக்கம் கண்ணாடி போல மின்னியது. ஒரு அலைகூட இல்லை.

"இந்தப் பக்கம் பளபளன்னு இருக்கும். எண்ணெய் தடவியே வெச்சிருங்க. பலாவுக்கு எப்படியும் எண்ணெய் தொடுவீங்களே" என்றாள் அஞ்சலாட்சி. பிறகு கத்தியைத் திருப்பினாள். "இதையும் தேய்ச்சுடட்டுமா?"

பச்சைவாழி எட்டிப் பார்த்தாள்.

"இருக்கட்டும். அது யாரைக் கடிச்சுது."

அவள் கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு போன பிறகு தணிகாசலம் மெதுவாகக் கேட்டார்.

"வாத்தியாரம்மா, கத்தி திரும்பி வந்ததா கணக்கா?"

"குளிக்க வந்துச்சு. குளிச்சுட்டுப் போயிடுச்சு."

அவருக்குப் போன உயிர் வந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை. சாயங்காலங்களில் பேருந்து நிலையத்துக்குப் போய், சுளை வாங்குகிறவர்களோடு கூட்டத்தில் நின்று பார்த்தார். வியாபாரம் அமோகமாக நடந்தது. கத்தி மின்னியது. அலை மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

ஒருநாள் பட்டறையில் கரியைக் கூடையில் அள்ளிப் போட்டுக்கொண்டே புலம்பினார்.

"பார்க்கிற பக்கம் போச்சு. பார்க்காத பக்கம் மிச்சம்."

அஞ்சலாட்சி உலையைக் கிளறினாள்.

"நான் மணவறை கட்டின ஆளு வாத்தியாரம்மா. மணவறைக்குப் பின்பக்கம் சாக்கும் கயிறும்தான் தொங்கும். அங்க எவனாவது பூ வைப்பானா? யாரும் பார்க்காத இடத்துல அழகு இருந்து என்ன பிரயோஜனம்?"

"வெள்ளிக்கிழமை பச்சைவாழி மகளுக்கு வளைகாப்பு. நெய்வேலி போறாங்க" என்றாள் அஞ்சலாட்சி. "அன்னிக்குக் கடையைப் பார்த்துக்க ஆள் கேட்டாங்க. உங்க பேரைச் சொல்லிட்டேன்."

"நான் என்ன கேக்குறேன், நீங்க என்ன சொல்றீங்க?"

"கைக்கு எண்ணெய் நிறையத் தடவிக்குங்க அண்ணே. பிசின் ஒட்டினா லேசுல போகாது."

வெள்ளிக்கிழமை காலையில் தணிகாசலம் பச்சைவாழியின் சாக்கில் உட்கார்ந்தார். முதல் பழத்தைப் பிளப்பதற்குள் வேட்டி, முழங்கை, ஒரு பக்கத்து மீசை எல்லாம் பிசின். பழத்தின் நடுத்தண்டு கத்தியை விட மறுத்தது. ஈக்கள் மட்டும் அவரை நன்றாக உபசரித்தன.

கடலூர் பஸ் வந்தது. ஜன்னல் வழியே ஒரு கை நீண்டது.

"அந்தம்மா எங்க? நீங்க யாரு?"

"இன்னிக்கு நான்தான் அந்தம்மா."

"பழம் இனிக்குமா?"

"தின்னு பாருங்க."

ஜன்னலுக்குள் ஒரு சுளை போனது. கை மறுபடி நீண்டது. "சந்தேகம் இன்னும் தீரல. இன்னொண்ணு குடுங்க."

பஸ் போய்விட்டது. கும்பகோணம் பஸ் வந்தது. அதுவும் போனது. வெயில் ஏறியது. இடுப்பு விட்டுப்போனது. குனிந்த தலை நிமிர நேரமில்லை. கத்தி இறங்குவதும் ஏறுவதும்தான் கண்ணுக்கு முன்னால். ஒவ்வொரு தடவை ஏறும்போதும் உள்பக்கத்து அலையும் கூடவே ஏறியது. உச்சி தாண்டி வெயில் சாய்வாக விழுந்தபோது கருநீலம் அசைந்தது போல இருந்தது. தணிகாசலம் அறுப்பதைக் கொஞ்சம் நிறுத்தினார்.

"அண்ணாச்சி, தூங்கிட்டீங்களா? சுளையைப் போடுங்க!"

அவர் மறுபடி அறுக்கத் தொடங்கினார்.

பொழுது சாய்ந்ததும் கடையைக் கட்டி, ஊரிலிருந்து வந்துவிட்ட பச்சைவாழியிடம் கத்தியைக் கொடுத்துவிட்டு, நேராகப் பட்டறைக்கு வந்தார். அஞ்சலாட்சி உலையை அவித்துக்கொண்டிருந்தாள்.

"வியாபாரம் எப்படி?"

"மூணு பழம் தீர்ந்துச்சு. நாலாவது பாதி. மீசையை எடுத்தாத்தான் பிசின் போகும் போல."

"எண்ணெய் தேய்ச்சு ஊற விடுங்க. மீசை பிழைச்சுக்கும்."

தணிகாசலம் போகாமல் நின்றார்.

"என்ன அண்ணே?"

"பிடிக்குப் பக்கத்துல கடைசி அலை கோணலா இருக்கு. அவசரத்துல இழுத்திருக்கேன். இத்தனை பேர்கிட்ட காட்டினேன், அப்போ எனக்கே தெரியல. இன்னிக்கு உட்கார்ந்தா, கண்ணு நேரா அங்கதான் போய் நிக்குது."

"வாங்குறவங்க யாராச்சும் சொன்னாங்களா?"

"அவங்களுக்கு எங்க தெரியப்போகுது?"

"பச்சைவாழி?"

"சொல்ல மாட்டாங்க. ஆனா பொழுது விடிஞ்சதிலேர்ந்து அடையற வரைக்கும் அவங்க கண்ணு முன்னால..." அவர் நிறுத்திக்கொண்டார். பிறகு சொன்னார்: "நாளைக்குப் போய் அதை வாங்கிட்டு வரேன். உள்பக்கத்தை அழிச்சுட்டு மறுபடி ஏத்தணும்."

அஞ்சலாட்சி இடுக்கியைக் கீழே வைத்தாள்.

"குளிக்க வந்துச்சுன்னு இந்தத் தடவை நான் சொல்ல முடியாது. நீங்களே போய் வாங்கிட்டு வந்தா, அது திரும்பி வந்த கத்திதான்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

தணிகாசலம் வலது தோளைத் தேய்த்துக்கொண்டார். "அந்தக் கோணலுக்குத் துருத்தி தேவலாம் வாத்தியாரம்மா."

அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"துருத்திக்கு வேற ஆள் பார்த்துக்கிறேன். நீங்க போய்க் கடுகு அரைங்க அண்ணே."